பிச்சாவரம் படகு சவாரி: துடுப்பு போட்ட அண்ணனுக்கு ஃபுல் மார்க், மைக் புடிச்ச கைடுக்கு அரை மார்க்

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிக்க பொறுமை இல்லாதவங்களுக்காக. பிச்சாவரம் அலையாத்தி (மாங்குரோவ்) காட்டுக்குள்ள துடுப்பு படகு சவாரிக்கு அஞ்சுக்கு நாலரை. நாங்க ஆன்லைன்ல புக் பண்ணின டூர் பேக்கேஜுக்கு அஞ்சுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் வேன்ல ஏசி நல்லா வேலை செஞ்சதுக்கு. கம்பெனி பேர் போடல, யாரையும் சண்டைக்கு இழுக்கற ஐடியா இல்ல, ஆனா அவங்க அனுப்பிச்ச கைடு சொன்ன கதைய அப்படியே விட்டுட்டு வரவும் மனசு வரல, அதனாலதான் இவ்ளோ பெரிய ரிவ்யூ.

போறது எப்படின்னா, சிதம்பரத்துல இருந்து கிள்ளை வழியா 15 கிலோமீட்டர் சொச்சம், ரோடு பரவால்ல, டவுன் பஸ்ஸும் இருக்கு. சென்னைல இருந்து வர்றவங்க ராத்திரி சிதம்பரத்துல தங்கிட்டு விடியக்காலைல கிளம்புங்க. பத்து மணிக்கு மேல போனா வெயில் மண்டைய பொளக்கும், லீவு நாள்ல கூட்டம் வேற. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பறவை நல்லா பாக்கலாம், ஆனா நவம்பர் டிசம்பர்ல மழையும் புயலும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, வானிலை பாத்துட்டு போங்க. படகு ரேட் அப்பப்ப மாறுது, அங்க போர்டு பாத்துக்கோங்க, இங்க எழுதினா அடுத்த மாசம் யாராவது வந்து "நீ சொன்ன ரேட் இல்லையே"ன்னு கமெண்ட்ல திட்டுவீங்க.

மோட்டார் படகா துடுப்பு படகாங்கறதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. யோசிக்கவே யோசிக்காதீங்க, துடுப்பு படகு. மோட்டார் படகு அகலமான வாய்க்கால்லயே ஒரு சுத்து சுத்திட்டு திரும்பிடும், சவுண்டுக்கு கொக்கு கூட நிக்காது. துடுப்பு படகுதான் சின்ன சின்ன சந்து வாய்க்காலுக்குள்ள போகும், ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரத்தோட முட்டு வேர் வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கி நிக்கும், மேல கிளை ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து மூடிக்கும், சில இடத்துல தலைய குனிஞ்சு உக்காந்தாதான் படகு நுழையும். எங்க மாமியாருக்கு முட்டி வலி, ஏறும்போது கொஞ்சம் கஷ்டப்பட்டாங்க, படகோட்டி அண்ணன்தான் "அம்மா நடுவுல காலை வைங்க, ஓரத்துல வைக்காதீங்க"ன்னு கைய புடிச்சு இறக்கினாரு, அதுக்கப்புறம் அவங்க ஒரு குறையும் சொல்லல, அவங்க குறை சொல்லாததே இந்த இடத்துக்கு பெரிய சர்டிபிகேட்.

இப்ப கைடு விஷயத்துக்கு வரேன். படகு கிளம்பி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, மைக்க எடுத்துட்டாரு. (படகுல அஞ்சாறு பேர், அதுக்கு ஒரு மைக்கு.) "இது உலகத்துலயே ரெண்டாவது பெரிய அலையாத்தி காடு, ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கையே படாத காடு." இந்த ரெண்டாவது பெரிய காடுங்கறத நீங்களும் கேட்டிருப்பீங்க, ஸ்கூல் டூர்ல இருந்து யூட்யூப் வரைக்கும் எல்லாரும் சொல்றாங்க. பிச்சாவரத்துல காடு, ஓடை, சேறு எல்லாம் சேர்த்தே மொத்தம் சுமாரா 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். மேற்கு வங்கத்துல மட்டும் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அதெல்லாம் சுந்தரவனம். குஜராத்ல ஆயிரத்துக்கு மேல, ஆந்திராவுல 400 பக்கம். அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம முத்துப்பேட்டை ஈரநிலமே இதைவிட பல மடங்கு பெருசு. சின்ன காடுதான் இது, அதுல ஒண்ணும் அவமானம் இல்ல, எதுக்கு பொய் சொல்லி பெருசாக்கணும்னு தெரியல.

ஆனா அதைவிட பெரிய பொய் "கை படாத காடு"ங்கறதுதான். துடுப்பு போட்டுட்டு இருந்த அண்ணன் கிள்ளைக்காரர், அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும், சிரிச்சுட்டே சொன்னாரு, "சார் சொல்றாரு, சொல்லட்டும். எங்க அப்பா காலத்துல இங்க கூப்பு வெட்டினாங்க தம்பி. ஏலம் எடுத்தவன் வந்து மொத்தமா வெட்டி விறகுக்கு ஏத்திட்டு போவான்." அதுக்கப்புறம் நான் மைக் பக்கம் திரும்பவே இல்ல, அவர் பக்கத்துலயே நகர்ந்து உக்காந்துட்டேன், அந்த நாலரை ரேட்டிங் பெரும்பாலும் அவருக்குத்தான்.

வீட்டுக்கு வந்து படிச்சு பாத்தா அவர் சொன்னது அப்படியே கரெக்ட். பிரிட்டிஷ்காரன் காலத்துல ஆரம்பிச்சு 1970கள் வரைக்கும் இந்த காட்ட கூப்பு கூப்பா (வெட்டறதுக்குன்னு ஒதுக்கின பகுதி பகுதியா) பிரிச்சு, ஒவ்வொரு கூப்பா மொட்டையடிச்சு விறகு எடுத்திருக்காங்க, வெட்டின கூப்பு இருபது இருபத்தஞ்சு வருஷத்துல தானா வளந்துரும், திரும்ப வெட்டலாம்ங்கறது கணக்கு. மலைக்காட்டுல அந்த கணக்கு ஓரளவு சரியா வரலாம். சேத்துக்காட்டுல அது வேலைக்கு ஆகல, ஏன் ஆகலங்கறதுதான் எனக்கு இந்த ட்ரிப்லயே ரொம்ப சுவாரசியமான விஷயம், கொஞ்சம் விரிவா சொல்றேன், போர் அடிச்சா சாப்பாடு பாராவுக்கு தாவிடுங்க.

மரம் இருக்கற வரைக்கும் சேறு நிழல்ல இருக்கு, ஈரமா இருக்கு. மொத்தமா வெட்டினதும் வெயில் நேரா சேத்து மேல அடிக்குது. உள்ள இருக்கற தண்ணி ஆவியாகுது, வேரெல்லாம் மக்குது, சேறு சுருங்கி தரை மட்டம் கீழ இறங்குது. கொஞ்சம்தான் இறங்கும், ஆனா இந்த பக்கம் ஏத்தவத்தமே (கடல் தண்ணி ஏறி இறங்கற உயரம்) ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால அந்த கொஞ்சமே போதும். ஓதம் (கடல் தண்ணி) ஏறும்போது அந்த பள்ளத்துக்குள்ள உப்புத்தண்ணி வந்துரும், வத்தும்போது வெளிய போக வழி இல்லாம அங்கயே தேங்கிடும். தேங்கின தண்ணி வெயில்ல வத்தி உப்பு மட்டும் மிஞ்சும், அடுத்த ஓதத்துக்கு இன்னும் கொஞ்சம் உப்பு சேரும், இப்படியே போய் போய் கடல் தண்ணிய விட உப்பு ஜாஸ்தியான சட்டி மாதிரி ஆயிடுது. அதுக்கப்புறம் அங்க விதை விழுந்தாலும் முளைக்காது, நட்டு வெச்சாலும் கருகிடும். உப்பு தாங்கற மரம்னாலும் அதுக்கும் ஒரு லிமிட் இருக்குல்ல. அப்படி நடுக்காட்டுல அங்கங்க வழுக்கையா போன இடத்துல உமரி செடி மட்டும்தான் தரையோட தரையா படர்ந்து கிடக்கும், அதுவும் இல்லாம வெறும் உப்பு பூத்த சேறாவும் கிடக்கும்.

கொடுமை என்னன்னா, காடு தேயுது காடு தேயுதுன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சப்ப பழி யாரு மேல விழுந்துச்சுன்னா, சுத்தி இருக்கற ஊர்க்காரங்க மேல. மாடு மேயவிட்டு அழிச்சுட்டாங்க, விறகு ஒடிச்சு அழிச்சுட்டாங்கன்னு. மாடு மேஞ்சது உண்மைதான், விறகு ஒடிச்சதும் உண்மைதான், அதனால பாதிப்பே இல்லன்னு சொல்ல வரல. ஆனா காட்ட வழுக்கையாக்கினது கவர்மென்ட்டே போட்ட கூப்பு முறைதான்னு 1990கள்ல சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க மண்ணையும் உப்பையும் அளந்து பாத்து சொன்னாங்க. தலைக்கு மேல விறகுக்கட்டு சுமந்துட்டு போற பாட்டிதான் கண்ணுக்கு தெரியுவா, எப்பவோ போட்ட ஏல ஆர்டர் யார் கண்ணுக்கு தெரியும்.

காரணம் தெரிஞ்சதும் வைத்தியமும் தெரிஞ்சிடுச்சு. வெறும் கன்னு நட்டா பிரயோஜனம் இல்ல, முதல்ல தேங்கின தண்ணிய வெளிய விடணும். அதுக்கு இயற்கையா ஓடற ஓடைல இருந்து ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி, அதுல இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன சின்ன வாய்க்கால் வெட்டினாங்க, மேல இருந்து பாத்தா மீன் முள்ளு அப்படியே தெரியும், பேரே மீன்முள் வாய்க்கால்தான். ஓதம் ஏறும்போது புது தண்ணி உள்ள வந்து, இறங்கும்போது உப்ப கரைச்சு எடுத்துட்டு வெளிய போகும். மண்ணோட உப்பு கொறஞ்சதும் வாய்க்காலோட சரிவுல, ஓதத்தண்ணி வந்து நனைக்கற உயரத்துல, கன்னு நட்டாங்க. வனத்துறையும் அந்த நிறுவனமும் ஊர்க்காரங்களும் சேர்ந்து செஞ்ச வேலை. பழி சுமந்த ஊர்க்காரங்களே கூடமாட நின்னு காட்ட மீட்டாங்கங்கறது எனக்கு தனி சந்தோஷம். சாட்டிலைட் படத்த வெச்சு பாத்ததுல 1980கள் நடுவுல இருந்து 2002க்குள்ள பிச்சாவரத்துல காட்டுப் பரப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடியிருக்கு. கை படாத காடாம்! கை வெச்சு அழிச்சதும் கை வெச்சு மீட்டதும்தான் இந்த இடத்தோட கதையே, கைடு அதை சொல்லியிருந்தா பேக்கேஜுக்கும் நாலு ஸ்டார் குடுத்திருப்பேன்.

ஒரு டிப்ஸ். போறதுக்கு முன்னாடி மொபைல்ல கூகுள் எர்த் ஓப்பன் பண்ணி பிச்சாவரம்னு போட்டு ஜூம் பண்ணி பாருங்க. இயற்கையான ஓடை எல்லாம் பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும், மனுஷன் வெட்டின வாய்க்கால் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போகும். அதை பாத்துட்டு படகுல உக்காந்தா பார்வையே வேற. என் பொண்ணு "அப்பா இது நேரா போகுது, இது வெட்டினதா"ன்னு கேட்டுட்டே வந்தா, அண்ணன் "ஆமா பாப்பா, இது வெட்டினது, வருஷம் போகப்போக தூர்ந்துரும், தூர் வாரணும், விட்டா பழையபடி தண்ணி நின்னுரும்"னாரு. நட்டோம் முடிஞ்சுதுன்னு விடற வேலை இல்ல இது, ஃபோட்டோ எடுத்து போட்டுட்டு போற மரம் நடு விழா ஆளுங்களுக்கு இது செட் ஆகாது.

படகுல இருந்து பாக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வாய்க்கால் ஓரத்துல, தண்ணி நல்லா போய் வர்ற இடத்துல சுரபுன்னை. அதுக்கு பின்னாடி உள்ள தள்ளி பூராவும் வெண்கண்டல், இதுதான் இங்க மெஜாரிட்டி, ஏன்னா உப்ப தாங்கறதுல இதுதான் கெட்டிக்காரன். இதோட வேர் தரைல இருந்து மேல் நோக்கி விரல் விரலா நீட்டிட்டு நிக்கும், மூச்சு விடற வேர், வத்தம் நேரத்துல போனா ஆயிரக்கணக்குல பாக்கலாம். இலைய திருப்பி பின் பக்கம் பாருங்க, வெயில் நேரத்துல உப்பு பொடி ஒட்டிட்டு இருக்கும், அண்ணன் ஒண்ண பறிச்சு குடுத்து நக்கி பாக்க சொன்னாரு, நல்லா கரிச்சுது. (கண்ட இலைய பறிச்சு நக்காதீங்க, இதை கவனமா படிங்க: தில்லை மரமும் இங்க இருக்கு, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, தோல்ல பட்டாலும் கொப்புளிக்கும். நடராஜர் கோயிலோட தலமரம் இதுதான். மாமியார் சீர்காழிக்காரங்க, சின்ன வயசுல இருந்து தில்லை தில்லைன்னு பாடிட்டு இருக்கவங்க, மரத்த நேர்ல பாத்தது இப்பதானாம், படகுல இருந்தே கும்புட்டாங்க.)

வெண்கண்டல் இவ்ளோ மெஜாரிட்டியா இருக்கறதே ஒரு அறிகுறின்னு சொல்றாங்க. வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், நடுவுல இந்த காடு. அலையாத்திக்கு கடல் தண்ணி எவ்ளோ முக்கியமோ அவ்ளோ முக்கியம் ஆத்து தண்ணி, ரெண்டும் கலக்கற இடத்துலதான் எல்லா வகை மரமும் நல்லா வரும். 1934ல மேட்டூர் அணை வந்துச்சு, அதுக்கப்புறம் மேல மேல அணை, பாசனம், போர்வெல், எல்லாம் சேர்ந்து இப்ப ஆத்து தண்ணி ஒழுங்கா கடலுக்கு வர்றது வடகிழக்கு பருவமழை சமயத்துல மட்டும்தான், மத்த மாசமெல்லாம் கடல்தான் உள்ள ஏறுது. அதனால கொஞ்சமா உப்பு கேக்கற மரங்க ஒதுங்கிட்டே போகுது, உப்பு தாங்கற வெண்கண்டல் இடத்த புடிச்சுக்குது. மேல இருந்து பாத்தா பச்சை பச்சையாத்தான் தெரியும், பரப்பு கூடிருக்குன்னுதான் கணக்கு வரும், ஆனா உள்ள வகை கொறஞ்சுட்டு வரும். டெல்டாக்காரனான எனக்கு இது கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. கொள்ளிடத்துல தண்ணி கடலுக்கு போனா "வீணா கடல்ல கலக்குது"ன்னு ஒவ்வொரு வருஷமும் டிவில கத்தறோம், நானும் கத்தினவன்தான், அந்த வீணாப்போற தண்ணில ஒரு பங்கு இந்த மரத்துக்கு பாத்தியப்பட்டது.

பரப்பு கணக்குன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. கைடு ஒரு இடத்துல "தமிழ்நாட்டுல அலையாத்தி காடு ஏறுமுகம்"னாரு. இந்திய வன அளவை நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறிக்கை விடுது, அதுல தமிழ்நாட்டு நம்பர வரிசையா எடுத்து பாருங்க, தலை சுத்தும். 1987ல 23 சதுர கிலோமீட்டர், 1989ல 47, 1993ல 21, அப்புறம் மெல்ல ஏறி 2017ல 49, 2019ல 45. ரெண்டே வருஷத்துல ரெட்டிப்பாகி அப்புறம் பாதிக்கு மேல காணாம போக காடு என்ன ஷேர் மார்க்கெட்டா? ஆரம்ப காலத்துல சாட்டிலைட் படத்தோட துல்லியம் கம்மி, படத்த பிரிண்ட் போட்டு கண்ணால பாத்து கோடு கிழிச்சாங்க, சின்ன சின்ன திட்டு எல்லாம் கணக்குல வராது. 2001 அறிக்கைல இருந்துதான் முழுக்க கம்ப்யூட்டர் முறை. போதாக்குறைக்கு படம் எடுத்த நேரத்துல ஓதம் ஏறி இருந்துச்சுன்னா ஓரத்துல இருக்கற குட்டை மரமெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும். அதனால நம்பர் மாறினா காடு மாறிச்சா இல்ல அளக்கற கண்ணாடி மாறிச்சான்னு முதல்ல கேக்கணும். சமீபத்துல அண்ணா பல்கலைக்கழக ஆய்வுல 2024ல தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 9,000 ஹெக்டேர், அதாவது 90 சதுர கிலோமீட்டர்னு வந்திருக்கு, 2021ல இருந்த மாதிரி ரெண்டு மடங்கு. புதுசா நட்டது நிறைய, அது நல்ல விஷயம், ஆனா இதையும் பழைய அறிக்கையையும் ஒரே கோட்டுல வெச்சு கிராஃப் போடாதீங்க.

அளவு கோளாறு ஒரு பக்கம் இருக்கட்டும், காடு நிஜமாவே சரிஞ்ச கதையும் இருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்துச்சு, முத்துப்பேட்டைய புரட்டி போட்டுச்சு. எங்க சித்தப்பா வீடு அந்த பக்கம்தான், தென்னை மரம் ஒண்ணு விடாம சாஞ்சத பேசி பேசி அழுதோம், லகூன் (கடலோர காயல்) பக்கம் அலையாத்தி மரம் முறிஞ்சு இலை உதிர்ந்து பட்டுப்போய் நின்னத யாரும் பேசல. வெட்டினா காடு அழியும், தண்ணி நிறுத்தினா மெலியும், புயல் அடிச்சா ஒரே ராத்திரில சரியும், ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. புயல்ல விழுந்த காடு தண்ணி ஓட்டம் சரியா இருந்தா தானாவே எந்திரிச்சுக்கும். ஓட்டம் அடைபட்டு கிடந்தா எத்தனை கன்னு நட்டாலும் காசுதான் கரியாகும்.

இறால் பண்ணை பத்தி கேட்டேன். தொண்ணூறுகள்ல கடலோரம் பூரா அந்த மோகம்தான், காசு கொட்டுதுன்னு குட்டை வெட்டாத ஆளே இல்ல. 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் பண்ணை கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் காட்டையே வழிச்சு இறால் குட்டை ஆக்கினாங்க, இங்க காடு காப்புக்காடா இருந்ததால உள்ள நுழையல, ஆனா பண்ணை கழிவு ஓடைல கலக்கறது இருந்துச்சுன்னு அண்ணன் சொன்னாரு. அவர் அதுக்கு மேல பேச விரும்பல, சொந்தக்காரங்க யாராவது பண்ணை வெச்சிருக்கலாம், நானும் கிண்டல.

போற வழில எம்.ஜி.ஆர். திட்டு பக்கம் கை காட்டினாரு. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு அந்த ஊர் பட்ட பாடு இந்த பக்கத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, கடல் பக்கமா, காட்டுக்கு முன்னாடி இருந்த ஊர். காட்டுக்கு பின்னாடி இருந்த ஊர்ங்க தப்பிச்சுது. சுனாமிக்கு அப்புறம்தான் அலையாத்திக்கே மவுசு வந்துச்சு, பரங்கிப்பேட்டை கடலோரத்துல 18 குக்கிராமத்த வெச்சு ஆய்வெல்லாம் பண்ணினாங்க. அதுல காடு மட்டுமே காப்பாத்தினதா, இல்ல ஊர் கடல்ல இருந்து எவ்ளோ தள்ளி இருந்துச்சு, எவ்ளோ மேட்டுல இருந்துச்சுங்கறதும் காரணமான்னு விஞ்ஞானிங்க அப்புறம் சண்டை போட்டுக்கிட்டாங்க. அண்ணன்கிட்ட இதை சொன்னேன், "ரெண்டும்தான் தம்பி. ஆனா மேட்ட நம்மளால உண்டாக்க முடியாது, மரத்த உண்டாக்கலாம்ல"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. நான் அந்த ஆய்வுக்கட்டுரைக்காரங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணலாமான்னு யோசிச்சேன்.

ஒரு ஓரத்துல இருளர் குடும்பம் ஒண்ணு தண்ணிக்குள்ள உக்காந்து கையாலயே தடவி தடவி இறால் புடிச்சுட்டு இருந்தாங்க. வலை கிடையாது, ஒண்ணும் கிடையாது, கழுத்து வரைக்கும் தண்ணி, வாயில கூடைய கடிச்சுட்டு, கை ரெண்டும் சேத்துக்குள்ள. புடிக்க புடிக்க கூடைக்குள்ள போட்டுட்டே நகர்றாங்க. கைடு உடனே மைக்ல "ஃபோட்டோ எடுத்துக்கோங்க"ன்னாரு. அண்ணன் படக கொஞ்சம் தள்ளி வேற பக்கம் திருப்பிட்டாரு, ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு தனியா டிப்ஸ் குடுத்தேன். காடு நல்லா இருந்தா இறால் குஞ்சு வேருக்கடில வளரும், இறால் இருந்தா அவங்க அடுப்பு எரியும், இவங்களுக்கு காடு ஃபோட்டோ ஸ்பாட் இல்ல.

2022ல பிச்சாவரத்துக்கு ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம்) கிடைச்சிருக்கு, பள்ளிக்கரணை, கரிக்கிலியோட சேர்த்து. கைடு அதை மட்டும் கரெக்டா சொன்னாரு, அதுக்குத்தான் அரை மார்க். அதே மாதிரி அண்ணாமலை பல்கலைக்கழகம் பேரையே வெச்ச ஒரு சுரபுன்னை கலப்பின மரம் இங்க இருக்கு, பரங்கிப்பேட்டைல அவங்க கடல் உயிரியல் மையம் இருக்கு, இந்த காட்ட பத்தி வந்த ஆராய்ச்சில பாதி அங்க இருந்து வந்ததுதான். பக்கத்துல இவ்ளோ சரக்கு இருக்கும்போது கைடுகளுக்கு ஒரு நாள் அங்க கூட்டிட்டு போய் கிளாஸ் எடுத்தா என்னன்னு தோணுச்சு.

சாப்பாடு: பேக்கேஜ்ல "கடல் உணவு விருந்து"ன்னு போட்டிருந்தாங்க. சிதம்பரத்துல ஒரு ஹோட்டல்ல இறக்கி விட்டாங்க, நண்டு மசாலாவுல ஓடு மட்டும்தான் இருந்துச்சு, நண்டு லீவுல போயிருந்துச்சு போல. இறால் தொக்கு ஃப்ரிட்ஜ் வாடை. மாமியார் தயிர் சாதத்தோட நிறுத்திட்டாங்க. கிள்ளை பக்கம் காலைல மீன் விக்கற இடத்துல அவ்ளோ ஃப்ரெஷ்ஷா நண்டு பாத்துட்டு வந்து இதை சாப்பிட்டது வயித்தெரிச்சல்.

கூட வர்ற ஜனங்க பத்தியும் சொல்லணும். ஒரு படகுல ப்ளூடூத் ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டுட்டு வந்தாங்க, அந்த வாய்க்கால்ல அது எப்படி எதிரொலிக்கும்னு நினைச்சு பாருங்க, மீன்கொத்தி எல்லாம் எங்கயோ போயிடுச்சு. சிப்ஸ் கவர் ஒண்ணு மூச்சு வேர்ல மாட்டிட்டு இருந்துச்சு, அண்ணன் துடுப்பாலயே எடுத்து படகுல போட்டாரு. அவர் படகுல ஒரு சாக்கு அதுக்குன்னே வெச்சிருக்காரு.

யாருக்கு செட் ஆகும்: குழந்தைங்க, வயசானவங்க எல்லாரும் போகலாம், தண்ணி ஆழம் பெரும்பாலும் கம்மிதான், இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்ட கழட்டி மடில வெச்சுக்காதீங்க. தொப்பி, தண்ணி பாட்டில், கொசு கடிக்காம இருக்க ஏதாவது. வெள்ளை பேன்ட் போடாதீங்க, சேறு பட்டா போகாது. வாட்ச் டவர் இருக்கு, ஏறி பாத்தா காடு மொத்தமும் ஒரு பார்வைல தெரியும். அட்வென்ச்சர் தேடி வர்றவங்களுக்கு போர் அடிக்கும், வேகம் கிடையாது, ஜாக்கெட்ட மாட்டி தண்ணில குதிக்கறதெல்லாம் கிடையாது.

பேக்கேஜ் எடுக்கவே வேணாம். நேரா போய் டிக்கெட் எடுத்து துடுப்பு படகு கேளுங்க, எவ்ளோ நீளமான சுத்து இருக்கோ அதை எடுங்க, சின்ன சுத்துல திரும்பி வந்தா பாதி காசு வேஸ்ட். படகோட்டி கிள்ளை, பிச்சாவரம் ஆளா இருந்தா அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "கூப்பு வெட்டின இடம் எது அண்ணே, வெட்டின வாய்க்கால் எது?" அப்புறம் நீங்க வாய தொறக்கவே வேண்டியிருக்காது. கைல சில்லறையா கொஞ்சம் பணம் வெச்சுக்கோங்க, உள்ள போனா சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது, டிப்ஸ் குடுக்க ஜிபே சுத்திட்டே இருக்கும்.